முதற்பொருளும் முதலாம் வகுப்பும்: ஆரம்ப வகுப்பறையிற் பருவமும் தொழினுட்பமும்

1

ஆரம்பப் பாடசாலை வகுப்பறையைப் பற்றித் தமிழ் இலக்கிய மாணவர் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்ற வினா எழல் கூடும். அது கல்வியியலாளருக்கும் உளவியலாளருக்கும் உரிய களம் என ஒதுங்கிவிடுவதே எம்மிடையே வழக்கமாகவும் இருந்து வந்துள்ளது. எனினும், ஐந்து வயது நிறைந்து பாடசாலை புகும் பிள்ளை மழை, காற்று, வெயில், விளைச்சல் என்பவற்றை எந்தச் சொற்களால், எந்தப் படங்களால், எந்தக் கருவிகளால் அறிந்துகொள்கின்றது என்பது, அப்பிள்ளை பின்னாளில் எதனை வாசிக்கும், எதனை எழுதும் என்பதை ஓரளவுக்கேனும் தீர்மானிக்கின்றது. அவ்வகையில் வகுப்பறையும் திறனாய்வுக்குரிய பொருளே.

அண்மைக் காலத்தில் எமது ஆரம்ப வகுப்பறைகளிற் பருவகாலச் செயற்பாடுகளும் புதிய தொழினுட்பக் கருவிகளும் ஒருங்கே இடம்பெறத் தொடங்கியுள்ளன. ஒருபுறம் பொங்கல், ஆடிப்பிறப்பு, மழைக்காலம், பட்டக்காலம் என்பவற்றை ஒட்டிய பாடல், படம், கைவினை. மறுபுறம் தொலைக்காட்சி, மல்டிமீடியா புரொஜெக்டர், டப்லெட் கணினி, ஆசிரியரின் கைத்தொலைபேசி. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றனவா, ஒன்றையொன்று தேய்க்கின்றனவா என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து, நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார். இதனைப் பரீட்சைக்காக நாம் பலமுறை எழுதியுள்ளோம். ஆறுதலாக எண்ணிப் பார்த்தது குறைவு. இன்ன நிலத்துக்கு இன்ன பொழுது உரியது என அவர் இரண்டையும் இணைத்தே கூறினார். நிலமின்றிப் பொழுது இல்லை என்பது அவ்வமைப்பின் உட்கிடை. கருப்பொருள் வரிசையில் உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்பவற்றோடு பறையும் யாழும் சேர்க்கப்பட்டிருத்தலும் மனங்கொளத்தக்கது. பறையும் யாழும் மனிதன் செய்த கருவிகள். கருவியும் ஒரு நிலத்துக்கும் ஒரு பொழுதுக்கும் உரியதாகக் கருதப்பட்டமை இதனாற் பெறப்படும்.

இலக்கியத்துக்கென வகுக்கப்பட்ட கோட்பாட்டை வகுப்பறைக்கு அப்படியே பொருத்துதல் மிகையாகும். ஆயினும் ஒரு வினாவை அதிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். ஒரு வகுப்பறைச் செயற்பாட்டிலே பிள்ளையின் நிலமும் அந்நிலத்தின் பொழுதும் சேர்ந்து நிற்கின்றனவா, பிரிந்து நிற்கின்றனவா? அங்கு கையாளப்படும் கருவி அச்சேர்க்கைக்குத் துணைபுரிகின்றதா? இவ்வினாக்களையே நாம் அளவுகோலாகக் கொள்வோம்.

2

ஈழத்துச் சிறுவர் பாடல்களுள் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878-1953) இயற்றிய ஆடிப்பிறப்புப் பாடலைப் போல ஒரு பருவத்தோடு ஒன்றிவிட்ட பாடல் பிறிதொன்றில்லை எனலாம். அதனை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த முதியோர் யாழ்ப்பாணத்தில் இன்றும் பலர். அதன் இனிமை பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. வகுப்பறையை மனத்திற் கொண்டு நோக்குமிடத்து அதன் வேறு இரண்டு பண்புகள் முக்கியம் பெறுகின்றன.

முதலாவது, அதன் ஒழுங்கு. பயறு வறுத்தல், அரிசியை இடித்தல், தேங்காய் துருவுதல், மாவைக் கரைத்து வார்த்துத் துழாவுதல், கூழைப் பலாவிலையில் வாங்கிக் குடித்தல் எனச் செயல்கள் வரிசையாக வருகின்றன. பாடலைப் பாடமாக்கிய பிள்ளை செய்முறையொன்றையும் பாடமாக்கிவிடுகின்றது. எழுத்தறியாத பிள்ளையும் காவிச் செல்லத்தக்க ஒரு கருவியாக ஓசை இங்கு பயன்படுகின்றது.

இரண்டாவது, அப்பாடலிற் பாடசாலைக்குரிய இடம். மறுநாள் விடுமுறை என்ற மகிழ்ச்சியோடுதான் பாடல் தொடங்குகின்றது. பருவம் வரும்போது பாடசாலை வழிவிடுகின்றது. பிள்ளை வீட்டுக்குப் போகின்றது. ஆடி மாதம் இன்னதென்பதை அது அறிவது அடுக்களையில், வறுபடும் பயற்றின் மணத்தில்.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. ஆடிப்பிறப்பு இப்பொழுது பாடசாலையின் உள்ளே விழாவாகக் கொண்டாடப்படுகின்றது. இது முற்றிலும் வெறுக்கத்தக்கதன்று. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ குடும்பங்களின் அடுக்களை மரபை அறுத்துவிட்டன. 1995இலும் 2009இலும் ஊரைவிட்டுப் பெயர்ந்து, கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் படித்தவர்களின் பிள்ளைகள் இன்று ஆரம்ப வகுப்புகளில் உள்ளனர். வீடு கொடுக்க இயலாததைப் பாடசாலை கொடுக்க முன்வருதல் நன்றே. ஆனால் அது எவ்வாறு கொடுக்கப்படுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். பெரும்பாலும் பெரியோர் சமைக்கின்றனர், பிள்ளைகள் வேட்டியும் பாவாடையும் அணிந்து வரிசையில் நின்று பாடுகின்றனர், கைத்தொலைபேசிகள் பதிவுசெய்கின்றன. பாடலில் நிரம்பியிருந்த வினைச்சொற்களுள் பிள்ளைக்கு எஞ்சுவன பாடுதல், குடித்தல் என்னும் இரண்டே. படமெடுப்பதற்கு ஏற்றவாறு நிகழ்ச்சி ஒழுங்கு செய்யப்படும்போது, வறுத்தலும் இடித்தலும் துழாவுதலும் நேரத்தை வீணாக்கும் வேலைகளாகிவிடுகின்றன. அவையே அப்பாடலின் உயிர்.

அதேவேளை பழைய நிலையைப் பொற்காலமாக்குவதும் தவறு. பாடலின் அடுக்களையில் உழைப்பு பெண்ணினுடையது. மகிழ்ச்சியே எல்லோருக்கும் பொதுவானது. வறிய கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பருவம் விடுதலையாக மட்டும் வந்ததில்லை. விதைப்பும் அருவிவெட்டும் வந்தால் வகுப்பிற் பல இடங்கள் வெறிதாகிவிடும் என்பதை வன்னியிலும் மட்டக்களப்பிலும் கற்பித்த ஆசிரியர் அறிவர். பருவத்தை வகுப்பறைக்குள் எடுப்போர் இந்த இருபக்கத்தையும் மறத்தலாகாது.

3

இலங்கையின் ஆரம்பக் கல்விக் கலைத்திட்டம் பருவத்துக்கு இடந்தராத ஒன்றன்று. 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தங்கள் 1998இற் கம்பஹா மாவட்டத்திற் பரீட்சிக்கப்பட்டு, 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. முதலாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டன. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசையிலிருந்து செய்யும் எழுத்துவேலை என்னும் மூன்று வழிகளிற் கற்றல் நிகழவேண்டும் எனவும், கீழ் வகுப்புகளில் விளையாட்டே மேலோங்க வேண்டும் எனவும் வகுக்கப்பட்டது. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' எனத் தனியொரு பாடமும் அமைந்தது. உணவு, விலங்கு, மரம், தொழில், விழா என அப்பாடம் தொடும் பொருள்களை நோக்கினால், கருப்பொருள் வரிசையையே மீளக் காண்பது போன்ற உணர்வு தமிழ் மாணவருக்கு ஏற்படும்.

எழுத்தில் இருந்தது நடப்பிற் குலைந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுட் தலையாயது ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. எமது ஆரம்பப் பாடசாலையில் உண்மையில் ஆட்சி செய்யும் பருவம் அதுவே. மூன்றாம் வகுப்பிலிருந்தே அதன் வெக்கை பிள்ளைமீது படுகின்றது. சுற்றாடற் பாடம் வெளியே சென்று பார்க்கும் பாடமாக இல்லாமல், தரப்பட்ட விடைகளுள் ஒன்றின் கீழ்க் கோடிடும் பாடமாகச் சுருங்குகின்றது. பட்டம் விடும் காலம் எது என வினவினால் விடை ஒன்றே இருத்தல் வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது வாடைக்காற்று வீசும் மார்கழியும் தையும். கொழும்பு காலிமுகத் திடலிற் பட்டம் விடும் பிள்ளைக்கு அது தென்மேற்குக் காற்று வீசும் ஆடியும் ஆவணியும். இரண்டும் சரியான விடைகளே. எந்த நிலத்திலே என்ற வினாவை நீக்கிவிட்டு எந்தப் பொழுது என்று மட்டும் வினவும் பரீட்சையால் இதனை ஏற்றுக்கொள்ள முடியாது. முதற்பொருளின் இரு கூறுகளும் அங்கே முதன்முறையாகப் பிரிகின்றன.

4

இப்பிரிவை இரவற் பருவங்கள் இன்னும் ஆழமாக்குகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சித்தாள்களையும் சுவர்ப்படங்களையும் எமது முன்பள்ளிகளும் ஆரம்ப வகுப்புகளும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்னும் நான்கு கட்டங்கள். இறுதிக் கட்டத்தில் தொப்பியணிந்த பனிமனிதன். இவ்வரைபடங்கள் பிறந்த நாடுகளில் இவை பொய்யல்ல. அங்கு பிள்ளை சாளரத்துக்கு வெளியே பார்த்தாற் படத்திலுள்ளதைக் காணும். வவுனியாவிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள பிள்ளை பஞ்சை ஒட்டிப் பனி செய்யும்போது, பருவம் என்பது தன் கண்முன் நிகழாத ஒன்று, தாளிலும் திரையிலும் மட்டும் உள்ள ஒன்று என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கின்றது. மழையைப் போய்விட்டு வேறொரு நாள் வரும்படி வேண்டும் ஆங்கிலப் பாலர் பாட்டும் அத்தகையதே. குளிரும் மழையும் மிகுந்த தீவொன்றின் பிள்ளைக்கு அவ்வேண்டுதல் இயல்பு. ஐப்பசியில் வானத்தைப் பார்த்திருக்கும் மானாவாரிக் கமக்காரனின் மகள் அதனை அபிநயத்தோடு பாடுவதில் ஒரு முரண் உண்டு. அதனை நாம் கவனிப்பதேயில்லை.

இதற்கு மாற்று எமது பழைய பட்டியலை மனப்பாடமாக்குதல் எனச் சிலர் கருதலாம். அதுவும் பொருந்தாது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளில் ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் எனப்படும். எமது வடபகுதியிலோ ஆவணி பெரும்பாலும் வறண்ட மாதம். பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழியிலுமே பொழிகின்றது. வளிமண்டலவியல் திணைக்களம் இந்நாட்டு ஆண்டை வேறு நான்காகப் பிரிக்கின்றது: மார்ச், ஏப்பிரல் முதலாம் இடைப்பருவம், மே முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்தோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், திசெம்பர் முதல் பெப்ருவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. ஊர் மக்களோ மாரி, கோடை என்றும், காலபோகம், சிறுபோகம் என்றும், வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்றும் தத்தம் வழக்கிற் பிரித்தனர். தொல்காப்பியரிடம் நாம் பெறவேண்டியது நிலத்தோடு பொழுதை இணைத்து நோக்கும் முறையையே. அவர் காலத்துப் பட்டியலை எம் நிலத்தின்மீது ஏற்றினால், பனிமனிதனை ஒட்டிய அதே தவற்றைத் தமிழிற் செய்தவராவோம்.

5

இனிக் கருவிகளுக்கு வருவோம். புதிய கருவி வகுப்பறைக்குள் வரும்போதெல்லாம் அது உலகை உள்ளே கொண்டுவரும் எனச் சொல்லப்பட்டது. இலங்கை வானொலி பாடசாலை ஒலிபரப்புகளை நடத்திய காலத்திலும், 1982இல் யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தொடங்கப்பட்ட காலத்திலும் இந்த நம்பிக்கை இருந்தது. 2020 மார்ச் மாதத்திற் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம்பிக்கை கட்டாயமாகவே மாறிற்று. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும், தொலைக்காட்சிப் பாடங்களும், ஆசிரியர் வட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சிகளும் வகுப்பறையின் இடத்தைப் பிடித்தன. அக்காலத்திற் கருவியின்றி எதுவும் நடந்திராது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கருவி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எதுவும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

பருவம் பற்றிய கல்வியிற் கருவி தரும் இடர் வேறு வகையானது. புரொஜெக்டருக்கு இருள் வேண்டும். சாளரங்களை மூடித் திரைச்சீலையை இழுத்தாலன்றி மழையைக் காட்டும் காணொளி தெளிவாகத் தெரியாது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தாலும் இதுவே நியதி. இது அக்கருவியின் இயல்பேயன்றி ஆசிரியரின் குற்றமன்று. ஆனால் பருவத்தைக் கற்பிக்கும் ஒரு கருவி முதலிற் செய்விக்கும் வேலை சாளரத்தை மூடுதலாக இருப்பின், அதன் பயனை நாம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

காத்திருத்தல் இதனினும் முக்கியமானது. விதை முளைக்க நாட்கள் வேண்டும். பனம்விதை கிழங்காக மாதங்கள் வேண்டும். ஆடி, ஆவணியிற் பழம் பொறுக்கி, விதையைப் பாத்தியிற் புதைத்து, மார்கழி, தையிற் கிழங்கு கிண்டி எடுத்த பிள்ளைக்கு மாதம் என்றால் எவ்வளவு நீளம் என்பது உடலிற் பதிந்திருக்கும். காணொளி இதனை அரை நிமிடத்திற் காட்டிவிடும். கண்ணாற் காண இயலாத வளர்ச்சியைக் காணச் செய்தல் அதன் அரிய ஆற்றல், அதை மறுப்பதற்கில்லை. எனினும் காத்திருந்த பிள்ளைக்கு அந்த அரை நிமிடம் ஒரு விளக்கம். காத்திராத பிள்ளைக்கு அது ஒரு வேடிக்கை. ஆகவே எது முதலில் வருகின்றது என்பதே வினா.

கருவிக்கும் ஒரு பருவம் உண்டு. அது எமது பருவமாக இருப்பதில்லை. அயலிலுள்ள இந்தியாவில் 1975 ஓகத்து முதல் 1976 யூலை வரை அமெரிக்காவின் ஏ.ரி.எஸ்.-6 செய்மதி மூலம் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி வழங்கப்பட்டது. காலை நேரம் பாடசாலைச் சிறுவருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஓராண்டு முடிந்ததும் செய்மதி வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டது, ஒளிபரப்பும் நின்றது. எமது நாட்டிலே 2022 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது; அதே மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. திரையும் தாளும் ஒருசேரக் கைவிட்ட அந்நாட்களில் முற்றத்தில் நின்ற மரம் மட்டும் தன் ஒழுங்கில் இலைவிட்டுக்கொண்டிருந்தது. யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், கல்வியிலே தொழினுட்பம் யாருடைய நிபந்தனையின் பேரில் வருகின்றது என்பதையே தலையாய வினாவாக எழுப்பிற்று.

6

தொழினுட்பம் என்றதும் மின்னால் இயங்குவதை மட்டும் எண்ணுவது எம் சிந்தனையின் வறுமை. யாழ்ப்பாணத்துப் பட்டமும் தொழினுட்பமே. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பாரிய பட்டங்களைக் காண இன்று பல இடங்களிலுமிருந்து மக்கள் கூடுகின்றனர். ஆனால் ஒரு சிறுவன் தன் வீட்டு முற்றத்திற் கட்டும் கொக்குப் பட்டத்திலேயே எத்தனை கணக்குகள் அடங்கியுள்ளன! சலாகையை இருபுறமும் ஒரே எடையாகச் சீவுதல், முச்சையின் நூல்களை அளந்து முடிதல், காற்று மிகுந்தால் வாலை நீட்டுதல், விண் கட்டி அது கூவும்படி நாடாவை இழுத்துவிடுதல் என ஒவ்வொன்றும் அளவும் சோதனையும் திருத்தமும் கொண்டவை. பட்டம் குத்தினால் முச்சை பிழை. சுழன்றால் வால் போதாது. விடை சொல்வது ஆசிரியரல்லர், காற்று. பறையையும் யாழையும் கருப்பொருளாகக் கண்ட மரபிலே விண் பூட்டிய பட்டத்தையும் கருப்பொருள் எனக் கூறத் தடையில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்தாலன்றி அது ஏறாது.

மின் கருவியையும் அவ்வாறு பயன்படுத்த இயலுமா? இங்கு யப்பானிய ஆரம்ப வகுப்பொன்றின் நடைமுறையைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். அந்நாட்டில் 1989ஆம் ஆண்டுக் கலைத்திட்டம் முதலிரு வகுப்புகளில் விஞ்ஞானத்தையும் சமூகக் கல்வியையும் நீக்கி, வாழ்க்கையைச் சூழலோடு கற்கும் ஒரே பாடத்தைப் புகுத்திற்று. 1992இல் அது நடைமுறைக்கு வந்தது. ஏப்பிரலிற் பாடசாலை புகும் முதலாம் வகுப்புப் பிள்ளை, மே மாதமளவில் 'அசகாஓ' எனப்படும் காலைப்பூக் கொடியின் விதையைத் தன் பெயரெழுதிய சாடியில் ஊன்றுகின்றது. காலைதோறும் நீரூற்றுகின்றது. கோடை விடுமுறையிற் சாடி வீட்டுக்குப் போகின்றது. இலையுதிர்காலத்தில் விதை சேர்க்கப்படுகின்றது. அவ்விதைகளை அடுத்த ஆண்டு புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும் வழக்கமும் உண்டு. பிள்ளைகள் தாம் கண்டதை அவதானிப்புத் தாளில் வரைந்து வந்தனர்.

2019 திசெம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்த 'கிகா பாடசாலை'த் திட்டத்தின்படி 2021 மார்ச் அளவில் ஆரம்ப, கனிட்ட இடைநிலை மாணவர் ஏறத்தாழ எல்லோர் கையிலும் கணினி சேர்ந்தது. இப்பொழுது அதே செடியைப் பிள்ளை படமெடுக்கின்றது. வரைதல் சிறந்ததா, படமெடுத்தல் சிறந்ததா என்னும் வினா இங்கு எழுகின்றது. வரையும் பிள்ளை இலையின் மடலை எண்ணியாக வேண்டும். கொடி எப்பக்கமாகச் சுற்றுகின்றது எனப் பார்த்தாக வேண்டும். பென்சில் கண்ணை அங்கேயே நிறுத்துகின்றது. படமெடுக்கும் பிள்ளை பார்க்காமலே எடுத்துவிடலாம். ஆனால் வரைந்த படங்கள் தரமுடியாத ஒன்றை ஒளிப்படங்கள் தருகின்றன. முதல் நாளையும் நாற்பதாம் நாளையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிடலாம். ஆகவே வரைதல் அன்றைய அவதானிப்புக்கும், ஒளிப்படம் நாள்களுக்கிடையிலான ஒப்பீட்டுக்கும் உரியன. இவ்விரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வையாது அமைப்பதே ஆசிரியரின் கலை. எவ்வாறாயினும் நீரூற்றும் வேலை பிள்ளையிடமே இருக்கின்றது. அந்த வேலை பிள்ளையிடம் இருக்கும் வரை கருவி அதன் இடத்திற் கட்டுப்பட்டு நிற்கும்.

7

இதுவரை கூறியதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதனை எதிர்கொள்ளாது இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த 1930களிற் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. கிராமத்தின் விவசாயத்தையும் கைத்தொழிலையும் சுற்றாடலையும் அடிப்படையாகக் கொண்டு கற்பித்தல் அதன் நோக்கம். கல்வியியல் நோக்கில் அது முற்போக்கானதே. ஆனால் ஆங்கிலமும் உத்தியோகமும் நகரத்து மேட்டுக்குடியினருக்கே உரியனவாயிருந்த சமுதாயத்தில், கிராமத்துப் பிள்ளைக்கு மண்ணைப் பற்றிய கல்வி என்பது, அவனை மண்ணிலேயே நிறுத்திவைக்கும் கல்வி என ஐயுறப்பட்டது. அந்த ஐயத்தைப் பெற்றோரின் அறியாமை எனத் தள்ளிவிட முடியாது. அவர்கள் வர்க்க வேறுபாட்டைப் பாடத்திட்டம் எழுதியோரைவிடத் தெளிவாகக் கண்டனர்.

அதே அபாயம் இன்றும் உண்டு. கொழும்பின் வசதிபடைத்த பாடசாலைக்குக் கணினியும், தோட்டத்துப் பாடசாலைக்குச் 'சுற்றாடலும்' என்று பங்கிடப்படுமாயின், பருவக் கல்வி ஒரு பொய்ச் சமாதானமாகவே முடியும். ஹற்றனில் லயத்திலிருந்து வரும் பிள்ளைக்குக் கொழுந்து மிகும் காலமும், அட்டை மிகும் மழையும் நன்கு தெரியும். அதற்குத் தெரியாதது, அந்த அறிவு ஓர் அறிவு என ஏற்கப்படும் என்பது. ஆகவே பருவக் கல்வி எல்லாப் பிள்ளைக்கும் உரியது. கருவியும் எல்லாப் பிள்ளைக்கும் உரியது. இரண்டையும் ஒரே பிள்ளையின் கையில் ஒருசேரக் கொடுக்கும் வழியைத்தான் தேட வேண்டும்.

8

அவ்வழி பெருஞ்செலவுடையதாக இருக்க வேண்டியதில்லை. யூலை மாதத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாதத்தில் ஹற்றன் மலைச்சரிவிலே தென்மேற்கு மழை விடாது பெய்கின்றது. யாழ்ப்பாணத்திலே சோளகம் புழுதியைக் கிளப்புகின்றது. மட்டக்களப்பிற் கச்சான் காற்று உடலைக் காய்ச்சுகின்றது. மூவிடத்துப் பிள்ளைகளும் ஒரே தமிழ்ப் பாடநூலின் ஒரே பக்கத்தைப் புரட்டுகின்றனர். அந்தப் பக்கத்தால் மூன்று உண்மைகளையும் கூற இயலாது. ஆனால் பிள்ளைகளாற் கூற இயலும்.

மூன்று பாடசாலைகளின் நான்காம் வகுப்புகள் ஒவ்வொன்றிலும் நேர்ச்சுவருடைய ஒரு வெற்றுத் தகரப் பேணியைத் திறந்த முற்றத்தில் வைப்போம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள் காலை 8.30 மணிக்கு மழையை அளக்கின்றன. பிள்ளைகளும் அதே நேரத்தில் அடிமட்டத்தால் அளக்கட்டும். ஒரு மில்லிமீற்றர் மழையெனின் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர் வீழ்ந்துள்ளது என்பதை ஆசிரியர் விளக்கலாம். அளவைச் சுவரிலுள்ள தாளிற் கட்டங்கட்டமாக நிறந்தீட்டுவர். காற்று எத்திசை, வேம்பு பூத்ததா, எந்தப் பறவை வந்தது என்பதை அவ்வவ்வூர்ச் சொல்லிலேயே எழுதுவர். வாரத்துக்கு ஒருமுறை, ஆசிரியரின் கைத்தொலைபேசி அத்தாளைப் படமெடுத்து மற்றைய இரு பாடசாலைகளுக்கும் அனுப்பும். கருவியின் வேலை அவ்வளவே. ஆனால் அந்த வேலையை வேறெதனாலும் செய்ய முடியாது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் பேணி வெறிதாயிருந்த அதே காலையில் ஹற்றனிலுள்ள பேணி நிறைந்திருந்ததைக் காணும். ஐப்பசி வரும்போது அதன் பேணியும் நிறையத் தொடங்கும். ஏன் என்ற வினா அங்கு தானாகவே எழும். மலையும் காற்றும் பற்றிய பாடம் அவ்வினாவுக்கு விடையாக வரும். தமிழ் பேசும் மூன்று பிரதேசங்களின் பிள்ளைகள், தாம் ஒரே மொழியினர் ஆயினும் ஒரே நிலத்தினர் அல்லர் என்பதையும், ஒருவர் சொல்லை மற்றவர் அறிதல் வேண்டும் என்பதையும் அதன் வழியே உணர்வர். சோளகம் என்ற சொல்லை அறியாத மலையகப் பிள்ளையும், கொழுந்து என்றதும் வெற்றிலையை மட்டும் எண்ணும் யாழ்ப்பாணப் பிள்ளையும் ஒரே பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் வந்து அமரும்போது எம்மிடையே தோன்றும் அந்நியத்தை நாம் அறிவோம். அதன் வேர்களுள் ஒன்று ஆரம்ப வகுப்பிலே இருக்கின்றது.

இவ்வகைத் தாள்கள் சில ஆண்டுகள் சேர்ந்தால் அவற்றின் பயன் இன்னும் பெருகும். மழை தவறிய ஆண்டும், மிகையாகப் பெய்த ஆண்டும் எவை என்பதைப் பிள்ளைகள் தம் பாடசாலையின் பதிவேட்டிலேயே காண்பர். காலநிலை மாற்றம் பற்றிப் பெரியோர் பேசுவதைச் செவிவழிச் செய்தியாகக் கொள்ளாது, அளந்த அளவைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அப்போது உருவாகும்.

ஆரம்ப வகுப்பிற் சேர்க்கப்படும் எந்தக் கருவியையும், எந்தப் பருவகாலச் செயற்பாட்டையும் மூன்று வினாக்களால் அளவிடலாம் எனத் தோன்றுகின்றது. அது பிள்ளையின் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து வைக்கின்றதா? காத்திருப்பதற்கும் கையாற் செய்வதற்கும் பிள்ளைக்கு எதையேனும் விட்டுவைக்கின்றதா? வசதியுள்ள பிள்ளைக்கும் வசதியற்ற பிள்ளைக்கும் ஒரே தகைமையோடு கிடைக்கின்றதா? பனிமனிதன் தாள் முதலாவது வினாவிலேயே தவறுகின்றது. படமெடுப்பதற்காக நடத்தப்படும் ஆடிப்பிறப்பு இரண்டாவதில் தவறுகின்றது. ஒருசில பாடசாலைகளுக்கு மட்டும் கிட்டும் ஸ்மார்ட் போட் மூன்றாவதில் தவறுகின்றது. தகரப் பேணியும் ஆசிரியரின் கைத்தொலைபேசியும் சேர்ந்த செயற்பாடு மூன்றிலும் தேறும்.

ஆசிரிய கலாசாலைகளிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் நாளை கற்பிக்கப் போவோர் பலர் இவ்விதழின் வாசகரிடையே உள்ளனர். பொழுதும் நிலமும் முதற்பொருள் என்பதை அவர்கள் விடைத்தாளில் எழுதிவிட்டார்கள். அடுத்த மாரியில், மழை தொடங்கும் நாளன்று, வகுப்பறையின் சாளரங்களைத் திறந்துவிட்டு அதனை எழுதிப் பார்க்கலாம்.